ஏன் இவ்வளவு தாமதம்?

குழந்தைகள் மருத்துவப் பிரிவுகளில் நாள்தோறும் எழும் கேள்வி ஒன்று உண்டு: “ஏன் இவ்வளவு தாமதமாகக் கொண்டுவந்தீர்கள்?” கேட்பவர் மருத்துவராக இருக்கலாம், செவிலியராக இருக்கலாம். பதில் சொல்ல வேண்டியவள் பெரும்பாலும் தாய். கையில் மூச்சிரைக்கும் சிசுவுடன் நிற்கும் அவள் தலை குனிகிறாள்; பதில் சொல்வதில்லை. பதிலுக்காக யாரும் காத்திருப்பதும் இல்லை.

நன்னூலார் வினாவை ஆறு வகையாகப் பகுத்தார். விடை அறிந்திருந்தும் கேட்பது அறிவினா. அறியாமையால், அறிந்துகொள்ளும் பொருட்டுக் கேட்பது அறியாவினா. மருத்துவமனையில் கேட்கப்படும் அந்தக் கேள்வி பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தது. ‘அறியாமை’, ‘அலட்சியம்’, ‘மூடநம்பிக்கை’ என்று விடை முன்பே எழுதப்பட்டுவிட்டது. உருவத்தில் வினாவாக நிற்பது உண்மையில் ஒரு தீர்ப்பு. இதே சொற்களை அறியாவினாவாகக் கேட்டால் என்ன நிகழும் என்பது ஒழுக்கவியலைச் சேர்ந்த விஷயம். சில குழந்தைகள் உயிர் பிழைப்பதும் அதையே பொறுத்திருக்கிறது.

முதலில் அந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் நியாயமானது என்று பார்க்கலாம். இந்திய அரசின் மாதிரிப் பதிவு முறை அளித்த 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நாட்டில் உயிருடன் பிறக்கும் 1000 குழந்தைகளில் 32 பேர் ஐந்து வயது நிறையுமுன் இறந்தனர். அவர்களுள் 20 பேர் பிறந்த முதல் 28 நாட்களுக்குள் மறைந்தவர்கள். இது சராசரி மட்டுமே. அதே ஆண்டில் கேரளத்தில் இந்த எண் 8. மத்தியப் பிரதேசத்தில் 51. குழந்தைகள் இறப்பதற்குத் தாயின் அலட்சியமே காரணம் என்றால், தாயன்பு ஒரு மாநிலத்தில் இருப்பதைப்போல் இன்னொரு மாநிலத்தில் ஆறில் ஒரு பங்குதான் இருக்கிறது என்று கொள்ள நேரும். அப்படிச் சொல்ல யாருக்கும் துணிவு வராது. ‘அன்பு குறைவன்று, கல்வி குறைவு’ என்று சிலர் திருத்திச் சொல்லக்கூடும். அதில் உண்மை உண்டு. ஆனால் கல்வி ஒரு பெண் தானாகத் தேடி எடுத்துக்கொண்டதோ, வேண்டாமென்று தள்ளியதோ அன்று. பிறர் அவளுக்கு அளித்தது அல்லது அளிக்காமல் விட்டது. அறியாமையைக் குற்றம் என்று வைத்துக்கொண்டாலும் அந்தக் குற்றத்தில் அவளுடைய பங்கு மிகச் சிறிது.

இனி அவளுடைய ஓர் இரவைக் கருதிப் பார்க்கலாம். மலையடிவாரத்தில், அல்லது காட்டோரத்தில், கூலி வேலையால் வாழும் குடும்பம். குழந்தைக்கு இருமல், பால் குடிக்கவில்லை. கணவன் வெளியூரில் வேலை செய்கிறான். மாமியாரின் சம்மதமின்றி வீட்டை விட்டுப் புறப்பட முடியாது. புறப்பட்டால் மற்ற இரு குழந்தைகளை யார் பார்ப்பது? அறுவடைக் காலம், ஒரு நாள் கூலி போனால் அந்த வாரத்து அரிசி போயிற்று. மலைப்பகுதிகளிலும் பழங்குடியினர் வாழும் பகுதிகளிலும் 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசின் நியமம். மக்கள் அடர்ந்து வாழும் சமவெளியில் இது ஓரளவு பொருந்தலாம். சிற்றூர்கள் மைல் கணக்கில் சிதறிக் கிடக்கும் காட்டில், ‘ஒரு நிலையம்’ என்பது அரை நாள் பயணம். அங்கே சென்று சேர்ந்தால் மருத்துவர் இருப்பார் என்பதும் உறுதியில்லை.

ஆகவே அவள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருக்கும் ‘டாக்டரிடம்’ போகிறாள். முறையான பட்டம் இல்லாதவர். ஏதேனும் ஓர் ஊசியைப் போட்டு அனுப்புபவர். படித்தவர்கள் இதைத்தான் மிகவும் இகழ்கிறார்கள். எதற்காக அவரிடம் போகிறாள் என்று கேட்டுப் பார்ப்பவர் குறைவு. அவர் நள்ளிரவிலும் கதவைத் திறப்பார். பணத்தைப் பிறகு கொடுக்கலாம் என்பார். அவளுடைய பேச்சு அவருக்குப் புரியும், அவளை ஏசமாட்டார். அவருடைய வைத்தியம் தவறானது, பல நேரங்களில் ஆபத்தானது, அதில் ஐயமில்லை. ஆனால் கனிவும் கடனும் அருகாமையும் அவரிடம் இருந்தன. சரியான மருந்து வேறோர் இடத்தில், அவை மூன்றும் இன்றி, இருந்தது. இவ்விரண்டும் ஓரிடத்தில் சேராமற் போனது அவளுடைய பிழையா?

2011 ஜூன் 1-ஆம் நாள் தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா காரியக்கிரமம், நோயுற்ற பச்சிளம் சிசுவுக்கு அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, போக வர வாகனம் ஆகியவை இலவசம் என்று அறிவித்தது; 2014-இல் ஒரு வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் இது விரிவாக்கப்பட்டது. நல்ல திட்டம், அதனால் பிழைத்த குழந்தைகள் பலர். எனினும் இலவசம் என்ற சொல் மருத்துவமனையின் கணக்கில் மட்டுமே முழுமையானது. இழந்த கூலி, துணைக்கு வந்தவரின் சாப்பாடு, வீட்டில் விட்டுவந்த பிள்ளைகள், வாகனத்துக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்த மணி நேரங்கள் ஆகியவற்றை எந்தத் திட்டமும் தன் கணக்கில் எழுதுவதில்லை. குடும்பம் எழுதிக்கொள்கிறது.

இத்தனையும் கடந்து வந்தவளிடம்தான் முதற்கேள்வியாக ‘ஏன் தாமதம்’ என்பது கேட்கப்படுகிறது. மற்றவர் முன்னிலையில் பட்ட அவமானத்தை அவள் மறப்பதில்லை. அடுத்த முறை குழந்தைக்கு நோய் வரும்போது, இன்னும் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம் என்றே நினைக்கிறாள். தாமதத்தைக் கண்டிக்கும் சொல்லே அடுத்த தாமதத்துக்கு வித்தாகிறது. இதைவிடக் கொடிய முரண் வேறில்லை.

பதினெட்டுக் காரணங்கள்

மகாராஷ்டிரத்தின் கிழக்கு எல்லையில், சத்தீஸ்கரை ஒட்டிய காட்டுப் பகுதி கட்சிரோலி மாவட்டம். கோண்டு முதலிய பழங்குடியினர் அங்கு வாழ்கின்றனர். டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் என்னும் தம்பதியர் அமெரிக்காவில் பொதுச் சுகாதாரம் பயின்று திரும்பி, 1986-இல் அங்கே தங்கள் பணியைத் தொடங்கினர். அபய் பங் இளமையில் சேவாகிராமத்துச் சூழலில், காந்திய நெறியில் வளர்ந்தவர்.

அவர் தம் உரைகளில் நினைவுகூரும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. மழைக்காலத்து மாலை ஒன்றில் இரண்டு பெண்கள் ஒரு சிசுவை ஏந்தி அவர் வீட்டுக்குள் ஓடிவந்தனர். எலும்பும் தோலுமாக இருந்த குழந்தையை அவர் தம் கட்டிலிலேயே கிடத்திப் பரிசோதித்தார். ஏதும் செய்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது. அவர்களுடைய ஊர் தொலைவில் இல்லை. ஏன் முன்பே வரவில்லை என்று அவரும் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டு, விடைக்காகக் காத்திருந்தார்.

விடை நீண்டது. தாயின் கர்ப்ப காலத்து உணவின்மையிலும் நோயிலும் அது தொடங்கியது. குழந்தை எடை குறைவாகப் பிறந்தது, சரியான பாலூட்டல் இல்லை, தொற்று வந்தது, வீட்டில் வறுமையோடு குடிப்பழக்கமும் சேர்ந்திருந்தது, முதலில் மந்திரவாதியை நாடினார்கள், மழையில் வழி அடைபட்டது. அந்த ஒரு மரணத்துக்கு அவர் எண்ணிய காரணங்கள் 18. நிமோனியா என்றோ ஊட்டக்குறைவு என்றோ ஒரே சொல்லில் சான்றிதழ் எழுதும் மருத்துவத்துக்கு இது புதிய பாடம்.

பதினெட்டையும் கேட்டவர் மனம் சோர்ந்துபோகலாம். வறுமையை ஒழித்து, குடியை நிறுத்தி, பாலம் கட்டி, பெண்கல்வி பரப்பி, அதன் பிறகுதான் குழந்தையைக் காப்பது என்றால் எத்தனை தலைமுறை வேண்டும்? இங்கேதான் அபய் பங்கின் சிந்தனை திரும்பியது. பதினெட்டும் சங்கிலியின் கண்ணிகள் என்றால், எல்லாவற்றையும் அறுக்கத் தேவையில்லை. கைக்கெட்டும் கண்ணியை அறுத்தாலும் சங்கிலி விட்டுப்போகும்.

நியாய தரிசனம் பயின்றவர்களுக்கு இது பழகிய இடம். ஒரு காரியம் ஒரே காரணத்தால் தோன்றுவதில்லை என்று நையாயிகர்கள் கூறுவர். குடம் உண்டாக மண், சக்கரம், கோல், குயவன் அனைவரும் வேண்டும். இக்காரணங்களின் முழுத் தொகுதிக்குச் சாமக்கிரி என்று பெயர். தொகுதி நிறைந்தால் காரியம் தவறாது நிகழும். ஒன்று குறைந்தாலும் நிகழாது. தர்க்க வகுப்பில் குடத்தை வைத்துச் சொல்லும்போது இது வறண்ட விவகாரமாகத் தோன்றும். (பல மாணவர்கள் அந்தக் குயவனைக் கண்டு கொட்டாவி விட்டதுண்டு.) சிசுவின் மரணத்தை அந்த இடத்தில் வைத்தால் அதே கோட்பாடு முகம் மாறுகிறது. காரணங்கள் பல என்பதால் பொறுப்பு கரைந்துவிடுவதில்லை, பெருகுகிறது. ஒவ்வொரு காரணத்தின் அருகிலும் யாரோ ஒருவர் நிற்கிறார். தாய் ஒருத்தியின் கை எட்டுவது ஒன்றிரண்டுக்குத்தான். மீதமுள்ளவற்றுக்கு எட்டும் கைகள் வேறு.

கட்சிரோலியில் அறுக்கப்பட்ட முதல் கண்ணிகளுள் ஒன்று, நிமோனியாவை ஊரிலேயே கண்டறிவது. குழந்தையின் மூச்சு வேகத்தை எண்ணினால் நோயை அறியலாம். ஆனால் பிரசவம் பார்க்கும் ஊர்ப் பெண்கள் எழுத்தறியாதவர்கள். அவர்கள் ஐம்பது வரை எண்ணுவது எப்படி? அதற்காக எளிய கருவி ஒன்று உருவாக்கப்பட்டது. ஒரு நிமிடத்துக்கான மணல் கடிகாரம். அதனுடன் மணிகள் கோத்த இரண்டு வரிசைகள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணல் தீருமுன் சிவப்பு மணி வந்துவிட்டால் நிமோனியா. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு ஆறாவது மணி சிவப்பு, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு ஐந்தாவது. மருந்தும் அவர்கள் கையிலேயே தரப்பட்டது. 1990-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வின்படி, இவ்வாறு ஊரிலேயே சிகிச்சை பெற்ற 612 நிமோனியா நோயாளிக் குழந்தைகளில் இறந்தவர் 0.8 சதவீதம், இத்திட்டம் இல்லாத ஒப்பீட்டு ஊர்களில் 13.5 சதவீதம்.

அடுத்தது பிறந்த சிசு. 39 கிராமங்களில் ஓரளவு படித்த பெண்களைத் தேர்ந்து பயிற்சி அளித்தனர்; சிசுவைக் கதகதப்பாக வைப்பது, பாலூட்ட உதவுவது, தொற்றின் அறிகுறிகளைக் கண்டறிவது, தேவையானால் ஊசி மருந்து செலுத்துவது வரை அவர்கள் கற்றனர். ஊர்ப் பெண்ணின் கையில் ஊசியா என்ற எதிர்ப்பு எழாமலில்லை; அது முற்றிலும் அடிப்படையற்ற அச்சமும் அன்று. ஆகவே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுமாறுதான் பெற்றோருக்கு முதலில் சொல்லப்பட்டது. அதற்கு அவர்கள் இசையாதபோதுதான் வீட்டில் சிகிச்சை. மூன்றாம் ஆண்டில், 47 ஒப்பீட்டுக் கிராமங்களோடு வைத்துப் பார்க்கையில், பச்சிளம் சிசு மரணம் 62 சதவீதம் குறைந்திருந்தது. 1999-இல் இம்முடிவு வெளியாயிற்று. 2011-இல் ஆஷா பணியாளர்கள் வீடு தேடிச் சென்று சிசுவைக் கவனிக்கும் முறை நாடு தழுவியதாக ஏற்கப்பட்டது. மருத்துவமனையில் பிறந்த சிசுவுக்கு 3-ஆம் நாள் தொடங்கி 42-ஆம் நாள் வரை ஆறு வருகைகள்.

இதற்கும் முன்னோடி ஒன்று உண்டு. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமிட்டிருந்த பங்காவில் காலரா பரவியது. நரம்பு வழியாகச் செலுத்தும் திரவம் தீர்ந்துகொண்டிருந்த நிலையில், டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துப் புகட்டச் சொன்னார். முப்பது சதவீதம் அளவில் இருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கியது. மருத்துவ அறிவை எளியோரின் கையில் நம்பி ஒப்படைக்கலாம் என்பதற்கு அன்றே கிடைத்த சான்று அது. ஆயினும் அரை நூற்றாண்டுக்குப் பின், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளில் இந்தக் கரைசலைப் பெற்றவர் 60.6 சதவீதம்தான், உடன் தர வேண்டிய துத்தநாக மருந்தைப் பெற்றவர் 30.5 சதவீதம். ஒரு பொட்டலம் உப்பில் யாருக்கும் பெரிய வருவாய் இல்லை என்பதும் இதற்கு ஒரு காரணமாகலாம்.

ஐந்தாவது காரணம்

‘எல்லாம் விதி’ என்பது இந்நாட்டில் எளிதில் நாவில் வரும் சொல். குழந்தையை இழந்த வீட்டில் அதைச் சொல்கிறார்கள். பல நேரங்களில் தாயே சொல்கிறாள். அவள் சொல்லும்போது அதைப் பழிக்க யாருக்கும் உரிமை இல்லை. தாங்க முடியாத துயரத்தைத் தாங்க அவளுக்குக் கிடைத்த ஊன்றுகோல் அது. ஆனால் அதே சொல்லை மருந்து அனுப்பாத அதிகாரியோ, பணிக்கு வராத மருத்துவரோ, வண்டி வைத்திருந்தும் தர மறுத்த அண்டை வீட்டாரோ சொன்னால் அதன் பொருள் வேறு. மரணத்துக்குப் பின் ஆறுதலாக இருந்த சொல் மரணத்துக்கு முன் சாக்காகிவிடுகிறது. வினைக் கோட்பாட்டை நோயாளியின் மேல் ஏற்றிப் பார்க்கும் வழக்கம் அக்கோட்பாட்டுக்கே இழுக்கு. தன் வினைக்குத் தான் பொறுப்பு என்பதுதான் அதன் உட்கிடை. நோயுற்ற குழந்தையின் முன் நிற்பவருக்கு அந்த நேரத்து வினை, உதவுவதா நழுவுவதா என்பதுதான்.

கீதையின் 18-ஆம் அத்தியாயம் செயலொன்று நிறைவேற ஐந்து காரணங்களை எண்ணுகிறது: செயலுக்கு நிலைக்களம், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். தெய்வம் மறுக்கப்படவில்லை, ஐந்தில் ஒன்றாக, இறுதியில் வைக்கப்பட்டிருக்கிறது. முதல் நான்கையும் பாராமல் ஐந்தாவதற்குத் தாவுபவர் நூலைத் தலைகீழாகப் படிப்பவர். அதை அடுத்தே, செய்பவனைத் தனியே பிரித்து அவனையே காரணமாகக் காணும் பார்வை பண்படாத பார்வை என்ற கண்டனமும் வருகிறது. ஆன்மா கர்த்தா அன்று என்னும் வேதாந்த முடிவுக்காகவே ஆசாரியர்கள் இவ்விடத்தை விளக்குவர்; அதுவே முறை. எனினும் தாய் ஒருத்தியை மட்டும் காரணமாகக் காட்டும் விரலுக்கும் இது பொருந்தாமற் போகவில்லை.

இவ்வாறு சொல்வதால் குடும்பங்களுக்குக் குற்றமே இல்லை என்று ஆகாது. நாட்டின் பல பகுதிகளில் பச்சிளம் சிசுக்களுக்கான சிறப்புச் சிகிச்சைப் பிரிவுகளில் சேர்க்கப்படும் பெண் சிசுக்கள் ஆண் சிசுக்களைவிடக் குறைவு. ஆண் சிசுக்கள் இயற்கையிலேயே நோய்க்கு அதிகம் ஆட்படுபவர்கள் என்பது இதை ஓரளவே விளக்கும். மகனுக்காக ஆற்றைக் கடந்து போகும் குடும்பம் மகளுக்காக இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்று இருந்துவிடுவதும் உண்டு. ஆறு ஒன்றே, வறுமையும் ஒன்றே. அளவுகோல் மட்டும் வேறு. இதற்கு எந்தக் காரணச் சங்கிலியும் மன்னிப்பாகாது. காரணத்தைப் புரிந்துகொள்வதும் குற்றத்தை மன்னிப்பதும் வெவ்வேறு செயல்கள். ஆனால் அங்கும்கூட, கேட்டு அறிந்த பிறகு வரும் கண்டனத்துக்குத்தான் பயன் உண்டு; மகளைத் தூக்கிவந்த தாய் அந்த வீட்டில் யாரையெல்லாம் மீறி வந்திருக்கிறாள் என்பது கேட்காமல் தெரியாது.

வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளைச் சொன்னார்: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர். சரகரும் இந்நான்கையே சொல்வார். சிசுவின் விஷயத்தில் முதல் உறுப்புக்கு வாயில்லை. எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து என்று அது சொல்லாது. ஆகவே நான்காமவளே முதலாமவருக்கும் வாயாகிறாள். அவளுடைய சொல்லை மதியாமல் தள்ளினால் நோயாளியின் வாயையே அடைத்ததாகும். வடநாட்டுக் கிராமத்துத் தாய்மார்கள் குழந்தையின் நிமோனியாவைக் குறிக்க ‘பஸ்லி சல்னா’ என்பார்கள். விலா ஓடுகிறது என்று பொருள். படித்தவர் காதுக்கு இது நாட்டுப்புறப் பிதற்றல். ஆனால் மூச்சிழுக்கும்போது குழந்தையின் விலாவின் அடிப்பகுதி உள்வாங்குவது நிமோனியாவின் அடையாளம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டிகள் சொல்கின்றன. பாடநூல் நெடிய சொற்களில் எழுதியதை அவள் இரண்டு சொற்களில் முன்பே சொல்லிவிட்டாள்.

கட்சிரோலித் தம்பதியர் தங்கள் மருத்துவமனைக்கு ஏன் பழங்குடியினர் வருவதில்லை என்பதையும் அந்த மக்களிடமே கேட்டனர். கிடைத்த விடைகள் எந்த நிபுணர் குழுவுக்கும் தோன்றியிரா. இறந்தவர் உடலைப் போர்த்துவது வெள்ளைத் துணி. மருத்துவரும் செவிலியரும் அதே வெள்ளையை உடுத்தியிருக்கிறார்கள். பிணத்தின் ஆடையை அணிந்தவர்கள் எப்படி உயிரைக் காப்பார்கள்? பெரிய கட்டடத்துக்குள் நோயாளி மட்டும் போகிறான், சுற்றத்தார் வெளியே நிறுத்தப்படுகிறார்கள், பயமாக இருக்காதா? இவற்றைக் கேட்ட பிறகே காட்டோரத்தில் மருத்துவமனை எழுந்தது. பெரிய கட்டடமாக இன்றி அவர்களுடைய ஊரைப் போன்று குடில்களாகக் கட்டினார்கள். நோயாளியோடு உறவினரும் தங்க இடம் விட்டார்கள். அம்மக்கள் வழிபடும் மா தந்தேஸ்வரியின் பெயரை அதற்கு இட்டார்கள்.